ஒன்று விடாமல் படிக்கும் துறை

உலகத்தில் நியாயம் மிச்சம் இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் மிசூரி மாநிலத்துக்குப் போய், ஆல்டர்வுட் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாலாம் மாடி ஏறி, எலும்பு அறுவைத் துறையின் வாசலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே ஒரு பித்தளைப் பலகை உண்டு. ‘இத்துறைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை முழுமையாகப் படிக்கப்படும்’ என்று அதில் பொறித்திருக்கிறது. தினம் காலையில் ஓர் ஆள் வந்து அந்தப் பலகையைத் துடைத்துவிட்டுப் போகிறார். பலகையைத் துடைக்கும் பணி இன்றுவரை ஒரு நாளும் தவறியதில்லை. மற்றப் பணிகளைப் பற்றி இனிமேல்தான் சொல்லப்போகிறேன், கண்ணுகளா.

அந்தத் துறையில் வருஷத்துக்கு ஐந்து இடம். அறுவை கற்றுக்கொள்ள வரும் இளம் டாக்டர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்துக்கு எண்ணூறு பேர் எழுதிப் போடுவார்கள். அந்த எண்ணூறில் ஒருத்தி டெலேனி ஸ்டர்ஜில்.

டெலேனியின் அப்பா ராய்ஸ் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர். எட்டு வயதிலேயே அவள் ஒரு குதிரையின் பின்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எங்கே வலி என்று விரலால் தொட்டுச் சொல்லிவிடுவாள். அப்போதே அவள் மனசில் எலும்பு புகுந்துவிட்டது. மருத்துவம் படித்தாள். ஆனால் அந்த நாட்டில் மருத்துவப் பட்டம் இரண்டு வகை. ஒன்று எம்.டி., இன்னொன்று டி.ஓ. இரண்டு பேரும் ஒரே மருந்துதான் எழுதுகிறார்கள், ஒரே கத்திதான் பிடிக்கிறார்கள். டி.ஓ. படித்தவர்கள் கையால் தொட்டு, நீவி, மூட்டுகளை வழிக்குக் கொண்டுவரும் வித்தையையும் சேர்த்துப் படிக்கிறார்கள். அதனால், கூடுதலாகக் கற்றுக்கொண்ட குற்றத்துக்காக, அவர்களை ஒரு படி கீழே வைப்பது வழக்கம். டெலேனி தன் கல்லூரிப் பரீட்சையும் எழுதினாள், எம்.டி.க்காரர்களின் பரீட்சையையும் எழுதினாள். இரண்டிலும் மேலே நின்றாள். ஆனால் பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டு எழுத்தை என்ன செய்ய முடியும்?

ஆகஸ்டு மாதம் ஆல்டர்வுட்டுக்கு ‘ஒத்திகை மாணவி’யாகப் போனாள். இது அங்கே ஒரு வழக்கம். இடம் வேண்டும் என்கிற பிள்ளைகள் நாலு வாரம் முன்கூட்டியே வந்து, வாங்குகிற ஏச்சையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கி, தங்கள் குணத்தைக் காட்ட வேண்டும். பெண் பார்க்கும் சடங்குதான். நாலு வாரம் நீளும், பஜ்ஜி கிடையாது.

விடிவதற்கு முன்பே வந்து நோயாளிகளைப் பார்த்து முடித்துவிடுவாள். அறுவைக் கூடத்தில் டாக்டர் கையை நீட்டுவதற்குள் வேண்டிய கருவி அங்கே இருக்கும். டிராக்டரிலிருந்து விழுந்து மணிக்கட்டைச் சுக்கலாக்கிக்கொண்டு வந்த ஒரு விவசாயிக்கு, மூத்தவர் மேற்பார்வையில் தானே எலும்பைச் சேர்த்துத் தைத்தாள். படம் எடுத்துப் பார்த்தவர்கள், உடைந்தது எந்தக் கை என்று கேட்டார்கள்.

இரண்டாம் வாரம் ஒரு சம்பவம். துறைத் தலைவர் டாக்டர் விட்லாக் ஒரு முழங்காலை முடித்துவிட்டு அடுத்த முழங்காலுக்குக் கை கழுவப் போனவர், குழாயடியில் அப்படியே நின்றுவிட்டார். கழுத்து இடது பக்கம் பூட்டிக்கொண்டது. ஊரார் முதுகை நிமிர்த்துகிறவர்களுக்குத் தங்கள் முதுகு நிமிராது. எக்ஸ்ரேக்காக ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நின்றால் யார் கழுத்துதான் தாங்கும்? உள்ளே மயக்க மருந்து கொடுத்த நோயாளி காத்திருக்கிறார். தலைவரால் சுவரை மட்டுமே பார்க்க முடிகிறது.

“அசையாதீங்க டாக்டர்,” என்றாள் டெலேனி.

“அசைய முடிஞ்சா ஏம்மா இப்படி நிக்கிறேன்?”

அவள் பின்னால் வந்து இரண்டு விரலைக் கழுத்தின் அடியில் வைத்தாள். மெல்ல அழுத்தினாள், தேடினாள், காத்திருந்தாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். விட்லாக்கின் தலை வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்து ஜன்னலை ஆறு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார்.

“இத எங்கம்மா கத்துக்கிட்ட?”

“காலேஜ்லதான் டாக்டர். இருநூறு மணி நேரம் பாடம்.”

“எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையே!”

“அதனாலதான் டாக்டர் உங்களுக்கு எம்.டி. குடுத்தாங்க.”

கூடத்தில் இருந்த நர்சுகள் முகமூடிக்குள்ளே சிரித்தார்கள். விட்லாக்கும் சிரித்தார், கழுத்து இடம் கொடுத்ததால்.

செய்தி பரவியது. உடை மாற்றும் அறையில் ஒரு நீள பெஞ்சு. அதில் தினம் ஒரு பெரிய டாக்டர் குப்புறப் படுத்தார். துறையின் ஆறு டாக்டர்களும் வரிசை வைத்து வந்தார்கள். தேர்வுக் குழுவின் செயலர் டாக்டர் ஆஷ்பி கண்டிப்பானவர், எதற்கும் ஆதாரம் கேட்பவர். அவர் பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னார்:

“இந்த முறைக்கெல்லாம் விஞ்ஞான ஆதாரம் போதாதும்மா. நான் கட்டுரையே எழுதியிருக்கேன். இன்னும் கொஞ்சம் கீழ… போதவே போதாது… ஆ, அங்கதான், அங்கதான்!”

கடைசி நாள் விட்லாக் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த வருஷம் வந்த பதினொரு பேர்ல நீதான் முதல். பெஞ்சுக்காகச் சொல்லல, அந்த மணிக்கட்டுக்காகச் சொல்றேன். சிபாரிசுக் கடிதம் நானே எழுதறேன். நீ அப்ளை பண்ணு, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கிறேன்.”

அவர் வாக்குத் தவறாதவர். பாதியை அப்படியே நிறைவேற்றினார்: கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

“என்ன சொன்னாரு?” என்றார் ராய்ஸ்.

“எடுத்துக்கிறேன்னாருப்பா.”

“எழுதிக் குடுத்தாரா?”

“வாயாலதான்.”

“வாயால அடிச்ச லாடம் கால்ல நிக்காது கண்ணு. எதுக்கும் நாலு இடத்துல போட்டு வை.”

எழுபது இடத்தில் போட்டாள். செப்டம்பரில் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போய்ச் சேர்ந்தது. ஆல்டர்வுட்டுக்கும் போனது, விட்லாக்கின் கடிதத்தோடு. பிறகு காத்திருந்தாள். நேர்காணலுக்கு மூன்று இடத்திலிருந்துதான் அழைப்பு வந்தது, மூன்றும் சோளக்காட்டு நடுவில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகள். ஆல்டர்வுட்டிலிருந்து ‘வா’வும் இல்லை, ‘வராதே’யும் இல்லை. தினம் காலையில் போனை எடுத்துப் பார்ப்பாள். பல் விளக்கிவிட்டு மறுபடி பார்ப்பாள்.

இதே நேரம் நாலாம் மாடியில் ஒரு பெரிய மனசு புண்பட்டிருந்தது. நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்த அறுபது பேரின் பட்டியல் விட்லாக்கின் மேஜைக்கு வந்தது. மேலிருந்து கீழ் வரை தேடினார். துறையின் அலுவலகத்தை இருபத்திரண்டு வருஷமாக நடத்தும் லூவானைக் கூப்பிட்டார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் வேலை நிலைக்கும் என்று அந்த அம்மாள் முதல் வருஷமே கற்றுக்கொண்டவர்.

“லூவான், ஸ்டர்ஜில் பேரு லிஸ்ட்ல இருக்கா?”

“லிஸ்ட்ல இல்ல டாக்டர்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தாலும் லிஸ்ட்ல இல்ல டாக்டர்.”

விட்லாக் நாற்காலியில் சாய்ந்தார். “அப்ளையே பண்ணல! லெட்டர் எழுதிக் குடுத்தேன், வான்னு கூப்பிட்டேன். ஒரு மரியாதைக்காவது போட்டிருக்கலாமே. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நன்றின்னா என்னன்னு தெரியுமா?”

குழு கூடியது. ஆஷ்பி ஆதாரத்தோடு வந்திருந்தார். “இது ஒரு பொண்ணோட பிரச்சனை இல்ல. ஒம்போது வருஷப் பட்டியலையும் புரட்டிட்டேன். ஒரு டி.ஓ. பட்டதாரிகூட நம்ம துறைக்கு விண்ணப்பிக்கல. ஒருத்தர்கூட! அவங்களுக்கு அறுவையில ஆசையே இல்ல.”

எல்லாரும் வருந்தினார்கள். வருத்தத்தைத் தீர்மானமாக எழுதினார்கள். வருந்தியதோடு நிற்காமல் ‘டி.ஓ. பட்டதாரிகளிடையே அறுவை ஆர்வத்தைத் தூண்டும் குழு’ என்று ஒன்றை அமைத்தார்கள். உதிக்கும் சூரியனை நோக்கி ஒரு கை சுத்தியலை நீட்டும் சுவரொட்டி தயாரானது, ‘நீங்களும் கனவு காணலாம்’ என்ற வாசகத்தோடு. கடைசியாக, ஜனவரியில் ஒரு மதிய உணவுக் கூட்டம் வைத்து, டி.ஓ. ஒருவரையே அழைத்து, ‘நீங்கள் ஏன் எங்களை வெறுக்கிறீர்கள்’ என்று அன்பாகக் கேட்பது என்று முடிவானது. ஆறு பேருக்கும் தெரிந்த டி.ஓ. ஒருத்திதான்.

டெலேனிக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரி. ‘ஜனவரி பதினாறாம் தேதி நண்பகல் எங்கள் தேர்வுக் குழுவைச் சந்திக்க உங்களை அழைக்கிறோம். உணவு வழங்கப்படும்.’

அதைப் படித்துவிட்டு அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பாவம். நேர்காணல்! கடைசி நேரத்தில் யாரோ விலகியிருப்பார்கள், இடம் விழுந்திருக்கும். தோழியிடம் கறுப்புக் கோட்டு வாங்கினாள். கண்ணாடி முன் நின்று, ‘எலும்பு அறுவையை ஏன் தேர்ந்தெடுத்தேன்’ என்று நாற்பது தடவை சொல்லிப் பார்த்தாள். பனி பெய்யும் சாலையில் நாலு மணி நேரம் காரோட்டிப் போனாள். பலகையைக் கடக்கும்போது அது பளபளவென்றிருந்தது.

உள்ளே ஆறு டாக்டர்களும் லூவானும். ஒவ்வொருவர் முன்னும் ஓர் அட்டைப்பெட்டி: வான்கோழி சாண்ட்விச், ஒரு வெள்ளரி ஊறுகாய், ஒரு பிஸ்கட். அவளுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள்.

விட்லாக் தொண்டையைச் செருமினார். “டெலேனி, ஒளிக்காமக் கேக்கிறேன். எங்க மேல உனக்கு என்னம்மா கோவம்?”

“கோவமா டாக்டர்?”

“நாங்க ஏதாவது தப்பா நடந்துக்கிட்டோமா? பெஞ்சுல ரொம்ப வேலை வாங்கிட்டோமா?” என்றார் இன்னொரு டாக்டர், உண்மையான கவலையோடு.

“அறுவைன்னா உங்களுக்கு ஒரு பயம் இருக்கும்ல? இயற்கைதான். மனசு விட்டுச் சொல்லுங்க, குறிப்பெடுத்துக்கிறோம்,” என்றார் ஆஷ்பி, பேனாவைத் திறந்து.

டெலேனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாற்பது தடவை ஒப்பித்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

“எனக்கு ஒண்ணும் புரியல டாக்டர். இது இன்டர்வியூ இல்லையா?”

“இன்டர்வியூவா? அதெல்லாம் போன சனிக்கிழமையே முடிஞ்சிருச்சு. நீதான் அப்ளையே பண்ணலையே!”

அவள் போனை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி போட்ட ரசீது. போனை ஆறு பேரும் கைமாற்றிப் பார்த்தார்கள். ஆஷ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரசீது மாறவில்லை.

“லூவான்,” என்றார் விட்லாக், “கம்ப்யூட்டர்ல கொஞ்சம் பாருங்க.”

“பாத்துட்டேன் டாக்டர். இருக்காங்க.”

“எங்க இருக்காங்க?”

“கட்டத்துக்கு அந்தப் பக்கம்.”

“எந்தக் கட்டம்?”

“‘எம்.டி. மட்டும் காட்டு’ன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்குல்ல டாக்டர், அதுல டிக் விழுந்திருக்கு.”

“யாரு போட்டது?”

“நீங்கதான் போடச் சொன்னீங்க. ஒம்போது வருஷம் ஆச்சு. ‘இந்த ஒரு வருஷம் மட்டும், படிக்க நேரமில்ல’ன்னீங்க.”

“அப்புறம் எடுக்கலையா?”

“எடுன்னு யாரும் சொல்லலையே டாக்டர்.”

“நவம்பர்ல நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!”

“லிஸ்ட்ல இருக்கான்னுதானே கேட்டீங்க?”

ஊறுகாயைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் கடிப்பதை நிறுத்தினார். விட்லாக்கின் முகம் சிவந்தது. “எடுங்க அந்த டிக்கை! இப்பவே!”

லூவான் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சுவரில் இருந்த பெரிய திரையில் பெயர்கள் இறங்க ஆரம்பித்தன. மழையில் வெளியே நின்ற சனம், கதவு திறந்ததும் உள்ளே வருவதுபோல வந்துகொண்டே இருந்தன. மொத்தம் இருநூற்றுப் பதினாலு. டெலேனியின் பெயர் நூற்றெண்பதாவது வாக்கில் வந்து நின்றது, பக்கத்தில் விட்லாக்கின் கடிதத்தோடு.

“இதோ இருக்கா!” என்றார் விட்லாக். “இவளை இன்னைக்கே இன்டர்வியூ பண்ணிடலாம். ஆறு பேரும் இங்கதான இருக்கோம்?”

“முடியாது,” என்றார் ஆஷ்பி. குரலில் துக்கம் இருந்தது. “ஒருத்தரைப் படிச்சா எல்லாரையும் படிக்கணும். வாசல்ல பலகை மாட்டியிருக்கோம். இவங்களை மட்டும் எடுத்துப் படிச்சா, மீதி இருநூத்திப் பதிமூணு பேருக்கும் அது அநியாயம்.”

“அப்ப எல்லாரையும் படிங்க டாக்டர்,” என்றாள் டெலேனி. “யார் யார் வேணும்னு நீங்க ரேங்க் லிஸ்ட் குடுக்க இன்னும் ஆறு வாரம் இருக்கு.”

“ஆறு வாரத்துல ரெண்டு வாரம் மாநாடும்மா.”

“எங்க டாக்டர்?”

“கொலராடோவுல. பனிச்சறுக்கு மலையில,” என்று ஒரு டாக்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் இவளைப் படிக்க வேண்டியதே இல்ல,” என்றார் விட்லாக். “நாலு வாரம் என் கண்ணால பாத்திருக்கேன்.”

“அது தனிப்பட்ட பழக்கம். பாரபட்சம்னு சொல்வாங்க.” ஆஷ்பி குனிந்து, அவளுக்குக் கேட்காது என்று நினைத்த குரலில் சொன்னார்: “அதோட டாக்டர், நம்ம இணையப் பக்கத்துல இருபத்தஞ்சு பிள்ளைங்க போட்டோ இருக்கு. இருபத்தஞ்சும் எம்.டி. நடுவுல ஒரு டி.ஓ. போட்டா, ஆள் கிடைக்காம எடுத்துட்டாங்கன்னுதான ஊரு நினைக்கும்?”

விட்லாக் வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார், ஆஷ்பியைப் பார்த்தார், சாண்ட்விச்சைப் பார்த்தார். டெலேனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். தலைவர் அவர்தான். வாய் மெல்ல மூடியது.

வாக்கெடுப்பு நடந்தது. நியாயத்தைக் காப்பதற்காக, இருநூற்றுப் பதினாலு பேரையும் சமமாகப் படிக்காமல் விடுவது என்று கனத்த இதயத்தோடு தீர்மானம் நிறைவேறியது. லூவான் மறுபடி ஒரு தட்டுத் தட்டினார். திரை காலியானது. ஆர்வம் தூண்டும் குழுவுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் ஆயுள் நீட்டித்தார்கள், சுவரொட்டி நிறைய மிச்சம் இருந்ததால்.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே விட்லாக் வந்தார். நடையில் ஏதோ கோணல்.

“டெலேனி… தப்பா நினைச்சுக்காத. நீ கெட்டிக்காரி, எங்க போனாலும் பொழைச்சுக்குவ.” கொஞ்சம் தயங்கினார். “அது… மறுபடியும் இடது பக்கம் பூட்டிக்கிச்சும்மா.”

அவள் நின்றாள். போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் வலிக்கிற இடம் கண்ணில் பட்டால் அவளுடைய கை சும்மா இருக்காது. அப்படியே நடைபாதையில் நிறுத்தி, கழுத்தில் விரல் வைத்தாள்.

“ஆ! வலிக்குதும்மா.”

“கொஞ்சம் வலிக்கட்டும் டாக்டர்,” என்று சொல்லிவிட்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் போனாள்.

காரில் ஏறியதும் அப்பாவைக் கூப்பிட்டாள். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். ராய்ஸ் கடைசி வரை கேட்டார்.

“நாப்பது வருஷமா குதிரைகிட்ட உதை வாங்கறேன் கண்ணு. உதைக்கிற குதிரைக்காவது நீ அங்க நிக்கிறது தெரியுது. அழுது முடிச்சிட்டு மெதுவா ஓட்டு. ரோடெல்லாம் பனி.”

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த நாட்டு மருத்துவப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனைப் பார்ப்பார்கள். இடம் கிடைத்ததா இல்லையா என்று அன்றைக்குத் தெரியும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாருக்கும் பொருத்தம் பார்த்து முடித்திருக்கும். டெலேனி அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். போன் அதிர்ந்தது. ‘உங்களுக்கு இடம் கிடைத்துள்ளது.’ எந்த ஊர் என்பதை வெள்ளிக்கிழமைதான் சொன்னார்கள். மூன்று சின்ன ஆஸ்பத்திரிகளில் ஆகச் சின்னது. மனிதரைவிட மாடு அதிகம். ஆனால் மாடு முட்டினாலும் எலும்பு எலும்புதான். எலும்பு அறுவைதான் கிடைத்தது. ராய்ஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அன்று முழுக்க எந்தக் குதிரையையும் தொடவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆல்டர்வுட்டின் பெருமை பாதிதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூன் மாதம் அந்தத் துறை தன் ‘ஆண்டு நியாய அறிக்கை’யைத் தயாரித்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு டெலேனியின் புகைப்படம். ‘கடந்த ஆண்டு எங்கள் துறையில் ஒத்திகை பெற்ற டி.ஓ. மாணவர்களில் நூற்றுக்கு நூறு பேர் எலும்பு அறுவையில் இடம் பெற்றனர்’ என்று கீழே எழுதியிருந்தது. அச்சுக்குப் போகும் முன், பிழை இருந்தால் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பும்படி அவளுக்கே ஒரு பிரதி வந்தது.

அவள் பொறுமையாகப் படித்தாள், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை. புகைப்படத்தை ஒன்றும் சொல்லவில்லை. நூற்றுக்கு நூறையும் தொடவில்லை. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘ஒன்பது ஆண்டுகளில் இத்துறையில் நிராகரிக்கப்பட்ட டி.ஓ. விண்ணப்பம் ஒன்றுகூட இல்லை.’

அதில் ஒரே ஒரு சொல்லை அடித்து, மேலே ‘படிக்கப்பட்ட’ என்று எழுதி, கையெழுத்திட்டு அனுப்பினாள்.